பேரம் பேசற மனு

இன்னாது, ஒரு லட்சம் ஜாஸ்தியா? யாரு சொன்னது, அவனா? புழல் ஜெயில்ல குந்திகினு மூணு வேளையும் துன்னுட்டு, செத்தவன் வூட்டுக்கு ஒரு லட்சம் குட்கறது ஜாஸ்தின்னு மனு போட்டுக்கீறானா? நல்லாக்கீதே நாயம். இந்தா யம்மா, அந்த ஸ்டூலு மேல குந்து. ஈரத்துல கால வெக்காத, வழுக்கும். மீனு வாங்க வந்த பொண்ணுன்னு நெனச்சேன், காகிதத்த எட்து நீட்றியே.

இலவச சட்ட உதவியா? அவனுக்கு இலவசம். செத்தவன் வூட்டுக்கு ஒரு டீ கூட எவனும் இலவசமா வாங்கித் தர்ல.

பேரு இன்னா சொன்ன, சங்கமித்ராவா? புளியந்தோப்பா? ஓ, வக்கீலு இல்ல, வக்கீலுகிட்ட வேல கத்துக்கற. கத்துக்கோ, கத்துக்கோ. முப்பது வருசமா இந்தக் காலடிப்பேட்ட மார்க்கெட்ல மீனு விக்கறேன் நானு. வவ்வாலுக்குப் பேரம் பேசுவாங்க, சங்கராவுக்குப் பேசுவாங்க, நூறு ரூவா நெத்திலிக்குக் கூட நின்னு பேசுவாங்க. எம் புள்ள திலீப்புக்குப் பேரம் பேச வந்த மொத ஆளு நீதான்.

கோச்சிக்காத. எனக்குப் படிக்கத் தெர்ல, நீயே படி. இன்னா எய்திக்கீது?

அவனால கட்ட முடியுமா, வருமானம் இன்னா, சொத்து இன்னான்னு ஜட்ஜி கேக்கவேயில்லியா? கேக்காம தொகை போட்டது தப்பா? இதான் உங்க பாயிண்ட்டா? ஏம்மா, துடுப்ப தூக்க சொல்லோ அவன் யாரையாவது கேட்டானா? இன்னிக்கு கடலுக்குப் படக நான் எட்துகினு போறேன், நீ எட்துகினு போறன்னு வாய்ச்சண்ட. தெனம் போடறதுதான். அன்னிக்கு ஒரே அடி, பின்மண்டையில. மணல்ல வுய்ந்தவன் ஏந்திரிக்கல. கேள்வி கேக்கலையாமே, கேள்வி.

இரும்மா. அண்ணே, சங்கரா கிலோ முந்நூறு. கொறைக்க மாட்டேன். இஷ்டம்னா எடு, இல்ல நடையக் கட்டு.

ஆங், சொல்லு. மனு போட்ற நாளு வேற தாண்டிப் போச்சா? அதுக்கு, லேட்டாயிடுச்சி மன்னிச்சிக்கோங்கன்னு தனியா ஒரு மனுவா? ஸோக்காக்கீது உங்க கோர்ட்டு.

கட்டலன்னா இன்னா ஆவும்? இன்னும் ஒரு வருசம் சேத்து உள்ள. கெடக்கட்டுமே. ஏயு வருசம் கெடக்கறவன் எட்டு வருசம் கெடந்தா தேஞ்சா பூடுவான்? இன்னாது? அந்த ஒரு வருசம் கெடந்துட்டு வந்தாலும் துட்டு தீராதா? மெய்யாலுமா? வெளிய வந்தப்பறமும் வசூல் பண்ணலாமா? இத்த ஒர்த்தனும் எங்கிட்ட சொல்லல. இரு, இந்தக் கத்திய அப்பால வெக்கறேன்.

கோர்ட்டுக்கா? போனேனே. நல்ல பொடவ கட்டிகினு போனேன். கூண்டுல ஏத்தி பேரு கேட்டாங்க, சொக்கம்மான்னேன். செத்தவன் உனக்கு யாருன்னாங்க, மவன்னேன். சண்டைய பாத்தியான்னாங்க, மார்க்கெட்ல இருந்தேன்னேன். எறங்கிப் போன்னாங்க. ரெண்டு நிமிசம்தான். எதிர்ல அவன் தலைய தொங்கப்போட்டுகினு நின்னான். அவன் யாருன்னு ஒர்த்தனும் கேக்கல. அவன்கிட்ட சம்பளம் கேக்கலன்னு இப்ப குதிக்கறீங்களே, எங்கிட்ட எத்தினி கேக்காம வுட்டாங்க, அதுக்கு எந்த மனு போட்றது?

சரி, நான் இன்னா பண்ணணும்? எனக்கு அந்தத் துட்டு வாணாம்னு கைநாட்டா? அதானே பாத்தேன். அவன் வந்து கேக்கட்டும். நான் ஒரு தபா கூட புழலுக்குப் போனதில்ல, போவவும் மாட்டேன். உள்ள இன்னா வேல செய்றான்? தறியா? வலை முடியற கையி, அதுக்கு இன்னா தெரியும் தறிய பத்தி. ஒய்ங்கா துன்றானாமா? சொம்மா கேட்டேன், நீ படி.

செத்தவருக்கு இன்னா உறவு, அம்மா. கரீட்டு. அதுக்குக் கீழ? மனுதாரருக்கு இன்னா உறவா? அதுல இன்னா கோடு இஸ்து வெச்சிக்கீற? உறவு இல்லன்னு அர்த்தமா? எவன் சொன்னான்?

செத்தவன் அப்பன் பேரு படி. பரசுராமன். மனு போட்டவன் அப்பன் பேரு படி. சத்தமா படி. இன்னா முயிக்கற? திருவொத்தியூர்ல மீனு புடிக்கறவன் அத்தினி பேருக்கும் பரசுராமன்னா பேரு? திலீப்பு பெரியவன், எத்திராஜு சின்னவன். அப்பன் எப்பவோ பூட்டான். சின்னவனுக்கு ஒரு லட்சம் பொரட்ட வேற யாரு கீறா? நான்தான் கோர்ட்ல போயி கட்டணும், அப்பால நானே போயி வாங்கணும். பஸ்ஸு செலவு தனி.

சரி வுடு, நீ இன்னா பண்ணுவ. மை டப்பா கொண்டாந்துக்கீறியா? இரு, கைய தொடச்சிக்கறேன். அந்தக் கோட்ட அடிச்சிட்டு, அங்கயும் அம்மான்னு எய்து. மொதல்ல எய்து, அப்பறம் கைநாட்டு வெக்கறேன்.