ரேடார் திரை மாட்டிய இடம்

ரேடார் திரையை எங்கே மாட்டலாம் என்று யாராவது கேட்டால், படகில் எந்த இடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் சார், ஒரு மனிதன் நிம்மதியாக இருக்கும்போது அவன் கண் எங்கே போய் நிற்கிறதோ, அங்கேதான் திரை இருக்க வேண்டும். அவசரத்தில் தேடுகிற இடத்தில் இருந்தால் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நேற்று நீங்கள் போனில் ஆறுதலாகப் பேசினீர்கள். "உங்க அத்தான் செத்தது விபத்துதான். மாட்டினதுல ஒரு சின்ன கவனக்குறைவு, அவ்வளவுதான். எச்சரிக்கையோட விட்டுடுவாங்க, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றீர்கள். விசாரணை அதிகாரி இப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல மனசு உங்களுக்கு. அதனால்தான் காலையிலேயே கிளம்பி வந்துவிட்டேன். கவனக்குறைவு என்ற சொல் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. என் வேலையில் ஒரு ஸ்க்ரூ கோணலாக இருக்கிறது என்று இந்தப் படகுத்துறையில் யாரையாவது சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்காதான் வளர்த்தாள். கல்யாணம் பேச வந்தவரிடம் "தம்பியும் என்னோடதான் வருவான்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாளாம். "வரட்டுமே, எனக்கும் பேச்சுத் துணை" என்றாராம் அவர். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு மாடி அறை எனக்கு. கீழே வண்டி நிறுத்தும் இடம் என் பட்டறை. காலையில் நான் எழுந்திருக்கத் தாமதமானால் அக்கா கீழே இருந்து துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடியும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தங்கள் பாய்மரப் படகிலேயே நாடு நாடாகச் சுற்றுவது, வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவது. எப்போது திரும்புவீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "திரும்பணும்னு தோணும்போது" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. என்னை வளர்த்த இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னைக் கூப்பிடவில்லை என்று நினைக்காதீர்கள். "மூணாவது படுக்கை உனக்குத்தான் மாப்ளே" என்று அத்தான் எத்தனையோ முறை சொன்னார். ஆனால் எனக்குக் கடல் ஆகாது. துறையை விட்டு வெளியே போன அரைமணியில் குடலே வெளியே வந்துவிடும். கட்டிப்போட்ட படகில்தான் என் வீரமெல்லாம். படகுக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அக்காவின் பாதுகாப்பை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். அத்தான் நல்ல மாலுமி, ஆனால் சோம்பேறி. உங்களுக்குத் தெரியும், பாயின் அடிப்பக்கம் ஒரு நீளமான அலுமினியக் கழி இருக்கும், பூம் என்போம். பின்காற்றில் போகும்போது படகு கொஞ்சம் திசை மாறினாலும் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி அடிக்கும். அதைத் தடுக்க முன்பக்கமாக ஒரு கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். அத்தான் கட்ட மாட்டார். "நான்தான் குனிஞ்சுக்கிறேனே" என்பார். அவர் படகில் பூம் தாழ்வு வேறு. இப்படிப்பட்ட ஆளோடு நடுக்கடலுக்கு அக்காவை அனுப்ப யாருக்கு மனசு வரும்?

பயணத்துக்கு ரேடார் வேண்டும் என்று என்னிடம்தான் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்?

திரையைக் கீழே கேபினில், வரைபட மேஜைக்கு மேல் மாட்டலாம். நனையாது, வெயில் படாது, ஆனால் சக்கரம் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. சக்கரத்துக்கு நேர் முன்னால் மாட்டலாம். நன்றாகத் தெரியும், ஆனால் உப்புத் தண்ணீர் அடிக்கும், திசைகாட்டி பக்கத்திலேயே இருக்கும். மின்சாமான் எல்லாவற்றிலும் கொஞ்சம் காந்தம் உண்டு, முள்ளை இழுத்துவிடும். இன்னோர் இடம், கேபினுக்கு இறங்கும் படிக்குப் பக்கத்துச் சுவர். அங்கே ஒரு மடக்குக் கையில் மாட்டினால் உள்ளே தள்ளி மேஜையில் இருந்தும் பார்க்கலாம், வெளியே இழுத்துச் சக்கரத்தில் இருந்தும் பார்க்கலாம். ஒரே திரை, இரண்டு வேலை. நான் மடக்குக் கையைச் சொன்னேன். அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

திரையை நெட்டுவாக்கில் மாட்டினேன். அத்தான் பவர் போட்ட கூலிங் கிளாஸ் போடுகிறவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அது இல்லாமல் இருக்க மாட்டார். போலராய்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் சில திரைகள் ஒரு வாக்கில் பளிச்சென்று தெரியும், கால்வாசி திருப்பினால் கரிச்சட்டி மாதிரி கறுத்துப்போகும். எங்கள் தொழிலில் புதிதாக வந்தவன்கூட ஒரு முறை இந்தத் தப்பைச் செய்து திட்டு வாங்கியிருப்பான். நான் அந்தத் திட்டை வாங்கி எத்தனையோ காலம் ஆகிறது.

"என்ன மாப்ளே, ஒண்ணுமே தெரியல?" என்றார் அத்தான், சக்கரத்தடியில் இருந்து.

"போலராய்டுன்னா அப்படித்தான் அத்தான். கழட்டிட்டுக் கிட்ட வந்து பாருங்க."

கழற்றிவிட்டு வந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல். பக்கத்து இருக்கையில் ஒரு காலை ஊன்றி ஏறி, திரையில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். பென்சிலை எடுத்து அந்த உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டேன்.

"என்னடா, சட்டை தைக்கிற மாதிரி என்னை அளவெடுக்கிற?"

"உங்க மூக்கு எங்க வருதுன்னு பாக்கணும் அத்தான்."

"என் மூக்கு எப்பவும் அடுத்தவன் விஷயத்துலதான் இருக்கும். வேணும்னா உங்க அக்காவக் கேளு." உள்ளே இருந்து அக்கா சிரித்தாள். நான் துளை போடும்போது அவர்தான் அந்தக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டார். டிரில்லின் தூசு கண்ணில் விழாமல் இருக்க என் முகத்துக்கு நேராக உள்ளங்கையை வைத்து மறைத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

இருக்கையில் கால் ஊன்றி நிற்கும் இடம் பூம் வீசுகிற வழி. அந்த இடத்தைத் தாண்டும்போது குனிவது அத்தானுக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆனால் திரையில் கண் வைத்தவன் குனிவதில்லை.

சக்கரத்தை விட்டு எழுந்து வருகிறவர் படகை, தானே திசை பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். அந்த ஆட்டோபைலட்டுக்கு எது எந்தத் திசை என்று சொல்வது ஒரு சின்னப் பெட்டி, அதுவும் ஒரு திசைகாட்டிதான். அதை நான் படிக்குப் பக்கத்துச் சுவரின் உட்புறம், பலகைக்குப் பின்னால் வைத்தேன். திரை உள்ளே தள்ளியிருக்கும்போது இரண்டுக்கும் நல்ல இடைவெளி. கரையில் சோதித்தபோதெல்லாம் திரை உள்ளேதான் இருந்தது, எல்லாம் சரியாகக் காட்டியது. கையை வெளியே இழுத்தால் திரையின் பின்பக்கத்து ஸ்பீக்கர் காந்தம் அந்தப் பெட்டியின் மேல் போய் உட்காரும். பெட்டி படகு திரும்பிவிட்டதாக நினைக்கும், ஆட்டோபைலட் அதைச் சரி செய்வதாக நினைத்துப் படகைத் திருப்பும். கொஞ்சம்தான். பின்காற்றில் அந்தக் கொஞ்சம் போதும்.

வெள்ளோட்டம் போய் எங்கள் துறைக்குள் திரும்பி வரும்போது காற்று எந்தப் பக்கம், பூம் எந்தப் பக்கம் என்பது இந்த மாதங்களில் மாறுவதில்லை. காந்தம் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதைப் பட்டறை மேஜையில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்கிறீர்கள்.

எந்த நாள் என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. பகலில் யாரும் ரேடார் பார்ப்பதில்லை, மூடுபனி வந்தால்தான் பார்ப்பார்கள். மூடுபனி எப்போது வரும் என்பது என் கையில் இல்லை. வராமலே அவர்கள் கிளம்பிப் போயிருந்தாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அது ஒரு நியாயம் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன அடியாகப் படும், கை கால் முறியும், பயணம் தள்ளிப்போகும், அத்தானுக்கும் புத்தி வரும் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பூமைக் கழற்றி மாட்ட நான் தோள் கொடுத்திருக்கிறேன் சார். அதன் கனம் எனக்குத் தெரியும்.

வெள்ளோட்டத்துக்குக் கிளம்பியபோது அக்காவைத் தனியாக அழைத்து, "அந்தக் கைய நீ தொடாத, அத்தானே பாத்துக்கட்டும்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் என்றைக்கும் தட்டியதில்லை.

திரும்பி வரும் வழியில் பனி இறங்கியது. நான் துறையின் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துப் படகே கண்ணுக்குத் தெரியவில்லை. வயர்லெஸ்ஸில் அக்காவின் குரல் வந்தது. அழவில்லை. "தம்பி, அத்தான் கீழ விழுந்து கிடக்கார். எழுந்திருக்க மாட்டேங்கிறார். நான் படகக் கொண்டு வரேன், ஆம்புலன்ஸச் சொல்லு" என்றாள். அந்தப் பனியில், தன்னந்தனியாக, கப்பல்கள் போய்வரும் துறைமுக வாயைத் தாண்டி அவள் படகைக் கொண்டுவந்து சேர்த்தாள். அந்தத் திரையைப் பார்த்துத்தான் வந்தாள். அது மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு அவளும் வந்திருக்க மாட்டாள். ராத்திரி தூக்கம் வராதபோது இதை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அவளைப் படகிலிருந்து இறக்கக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. சட்டையெல்லாம் அத்தானின் ரத்தம், என் மேல் படக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

எனக்குக் குற்ற உணர்வு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. வாசலில் அத்தானின் செருப்பு இன்னும் கிடக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கால் வராமல் பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன். டிரில்லைக் கையில் எடுத்தால் அவருடைய உள்ளங்கை முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. செய்தது பாவம், மகாபாவம். அதை எந்தத் தண்ணீரில் கழுவினாலும் போகாது.

அக்கா என்னோடு அதிகம் பேசுவதில்லை. கூரையைத் தட்டுவதில்லை. ஒரே ஒரு தடவை, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: "என்னை மட்டும் தொடாதன்னு சொன்னியே, ஏன்டா?" கை நசுங்கிவிடும் என்று பயந்தேன் என்றேன். "ஓ" என்றாள். குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருந்தாலும் வீட்டில்தான் இருந்தாள். அறைக்குள் அவள் நடமாடும் சத்தம் மாடிக்குக் கேட்கும். போதாதா? காலம் ஆற்றிவிடும் என்று இருந்தேன்.

முந்தாநாள் பக்கத்துத் துறையிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறாள். மடக்குக் கையைக் கழற்றி, திரையைச் சக்கரத்துக்கு முன்னால், போதுமான இடைவெளி விட்டு, குறுக்குவாக்கில் மாட்டச் சொல்லியிருக்கிறாள். வேலை சுத்தம், நானே போய்ப் பார்த்தேன். பூமுக்குக் கயிறும் கட்டியிருந்தாள். பயணச் சாமான்களைக் கேபினுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தனியாவா அக்கா?" என்றேன்.

"பனியில தனியாதானே கொண்டு வந்தேன்" என்றாள். "விசாரணை முடிஞ்சதும் கிளம்பலாம்னு சொல்லிட்டாங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க." என்னை அவள் நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அது விபத்து இல்லை. திரை, பெட்டி, கை, உயரம் எல்லாவற்றையும் அத்தானின் உயிர் போக வேண்டும் என்று நினைத்துத்தான் நான் மாட்டினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கூட இல்லை. எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். என் மனசாட்சி உறுத்தித்தான் வந்தேன், வேறு காரணம் எதுவும் கிடையாது.

கொலை வழக்கு என்றால் படகை சீல் வைப்பீர்கள், இல்லையா சார்? சாட்சியும் வழக்கு முடிகிற வரைக்கும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பார்களே. அதை அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அவள் மனசு கஷ்டப்படும்.