கடைசி நூறு படங்கள்

— ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். பால் காய்ச்சுவேன். பாப்பாவுக்கு வெந்நீர் வைப்பேன். ஆறே முக்காலுக்கு அவளை எழுப்புவேன். ஏழு மணிக்கு மறுபடியும் எழுப்புவேன். தலை பின்னுவேன். பிரிச்சு மறுபடி பின்னுவேன். எட்டு இருபதுக்குக் கதவைப் பூட்டுவேன்.

— ஏன் பிரிக்கறீங்க?

— முதல் தடவை கோணலா வரும்.

— அது சரி. தம்பி, நான் கேட்டது காமெராவை வச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு.

— ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்கன்னு கேட்டீங்க, மேடம்.

— கேட்டேன். அதுல படம் எடுக்கற இடம் ஒண்ணு வரும்னு பாத்தேன். நீங்க கதவையே பூட்டிட்டீங்க. அப்புறம், மேடம் வேணாம். இந்தக் கடையில மேடம்னு கூப்பிடறவங்களுக்கு விலை ஏறும். அக்கான்னு கூப்பிடுங்க.

— சரி.

— எங்க, கூப்பிடுங்க.

— காமெரா எப்ப காட்டுவீங்க?

— அழுத்தக்காரர்தான். சரி, யாரை எடுக்கணும்?

— பாப்பாவை. திங்கட்கிழமை பெரிய பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்பு சேர்றா. வாசல்ல நிக்க வச்சு ஒரு படம். அது இருட்டா விழக் கூடாது. அவ்வளவுதான்.

— ஒரே ஒரு படத்துக்கு ஒரு காமெராவா? போன்ல எடுத்துட்டுப் போங்களேன். கடைக்காரி நானே சொல்றேன்.

— அவ பிறந்ததுலேருந்து எல்லாப் படமும் காமெராவுல எடுத்தது. ஆல்பத்துல அடுத்த படம் மட்டும் வேற மாதிரி இருக்கக் கூடாது.

— இதுவரைக்கும் யார் எடுத்தது?

— என் மனைவி.

— ஓ. பாப்பா ஒரு இடத்துல நிக்குமா?

— நிக்காது. ஓடும்.

— பள்ளிக்கூட வாசல்ல வெளிச்சம் எப்படி?

— நேத்து காலையில போய்ப் பாத்தேன். எட்டே முக்காலுக்குப் பெரிய மரத்து நிழல் முழுசா வாசல்ல விழுது. ஒன்பதே காலுக்குதான் விலகுது.

— மணி பாத்துக் குறிச்சுக்கிட்டீங்களா?

— ஆமா. பட்டியல் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். பதினாலு கேள்வி இருக்கு. ஒண்ணு, எத்தனை மெகாபிக்சல்?

— அதை முதல்ல அடிங்க. மெகாபிக்சல்ங்கறது துணியோட அளவு. மீட்டர் கணக்குல வாங்கினா சட்டை அழகாயிடுமா? தையல் நல்லா இருக்கணும். பாப்பாவைச் சுவர் அளவுக்கு அச்சடிச்சு மாட்டப் போறீங்களா?

— இல்லை.

— அப்ப இருக்கறதே போதும். அடுத்தது?

— ஜூம். இந்தச் சின்னதுல முப்பது மடங்குன்னு போட்டிருக்கு.

— மகள்கிட்டப் போறதுக்கு எதுக்கு முப்பது மடங்கு? நாலு எட்டு நடங்க. நிழல்ல ஓடற குழந்தையைப் பிடிக்க ரெண்டே விஷயம்தான் வேணும். உள்ள இருக்கற சென்சார் பெரிசா இருக்கணும், லென்ஸோட வாய் அகலமா இருக்கணும். வெளிச்சம் நிறைய உள்ள வந்தாத்தான் சட்டுனு எடுக்க முடியும். இல்லைன்னா பாப்பா இருக்கற இடத்துல ஒரு புகை மாதிரி விழும். ஆமா, என்ன வேலை பாக்கறீங்க? இவ்வளவு கேள்வி யாரும் எழுதிட்டு வர மாட்டாங்க.

— லிஃப்ட் பரிசோதனை. ஏறி இறங்கிப் பாத்து, சரியா இருந்தா கையெழுத்துப் போடுவேன்.

— பட்டன் அழுத்தறதுக்குச் சம்பளம்.

— என் மனைவியும் அப்படித்தான் சொல்லுவா.

— நல்ல வாய் அவங்களுக்கு. பதினாலாவது கேள்வி என்ன?

— பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்னு வெளியில போர்டு பாத்தேன். அது உண்மையா?

— உண்மைதான். கொண்டு வந்திருக்கீங்களா?

— பையில இருக்கு. இந்தாங்க.

— அட. இதையா மாத்தப் போறீங்க? இவ்வளவு நேரமா நான் எதைச் சொன்னேனோ அது இதுதான். பெரிய சென்சார், அகல வாய் லென்ஸ். இதைத் தேடிப் பிடிச்சு வாங்கினவங்க விவரமானவங்க.

— கெட்டுப்போச்சு. இருட்டா விழுது.

— பொறுங்க. லென்ஸ் மூடியைக் கழட்டி இங்க வைக்கறேன், ஞாபகம் வச்சுக்குங்க, சின்னச் சாமான். பேட்டரி இருக்கு. இப்படித் திரும்புங்க. ம். இதோ விழுந்திருக்கே. மூக்குல இருக்கற மச்சம்கூட விழுந்திருக்கு.

— அன்னைக்கு விழலை.

— என்னைக்கு?

— அன்னைக்கு.

— தம்பி, இது அவங்க கைக்குப் பழகின காமெரா. மாத்தறதுக்கு முன்னாடி அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூட்டிட்டே வந்திருக்கலாம்.

— அவ இல்லை. எட்டு மாசம் ஆச்சு.

— உக்காருங்க தம்பி.

— பரவாயில்லை. நிக்கறேன்.

— நான் உக்காரணும். நீங்க நின்னா அண்ணாந்து பேசி என் கழுத்து வலிக்கும். உக்காருங்க.

— சரி. கார்டை அழிச்சுட்டு எடுத்துக்குங்க. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். கடைசி ஒண்ணு மட்டும் ஏத்தலை. அது வெறும் கறுப்பு.

— அழிக்கறேன். அதுக்கு முன்னாடி கடைசி நூறு படம் பாப்பேன். இந்தக் கடையில அது என் வழக்கம். புதுசா வாங்க வர்றவங்ககிட்டயும் முதல்ல அதைத்தான் கேப்பேன். வாய் சொல்றது ஒண்ணா இருக்கும், கை எடுக்கறது ஒண்ணா இருக்கும். பறவை எடுக்கணும்னு ஒருத்தர் வந்தார். கார்டுல பாத்தா நூறும் சாப்பாட்டுத் தட்டு. அவருக்குப் பறவைக் காமெராவை வித்தா எனக்குப் பாவம்.

— இது என் கை இல்லை.

— உங்க வீட்டுக் கைதானே. பாக்கட்டுமா?

— பாருங்க.

— ம். இவங்க தரையில உக்காந்து எடுக்கறவங்க.

— எப்படித் தெரியும்?

— சாப்பாட்டு மேசையோட அடிப்பக்கம் தெரியுது. அங்க யாரோ பபிள்கம் ஒட்டி வச்சிருக்காங்க.

— எங்க? அது பாப்பா வேலை. எனக்குத் தெரியாது. இன்னும் அங்கதான் இருக்கும்.

— போய்ப் பாருங்க. ஃபிளாஷே போடலை, கவனிச்சீங்களா? தூங்கற குழந்தையை எடுக்கறாங்க, ஜன்னல் வெளிச்சத்துலயே எடுக்கறாங்க. அவசரமே இல்லாத கை. ஆனா ஒண்ணு இடிக்குது.

— என்ன?

— இதைப் பாருங்க. பாப்பா முன்னால நிக்குது, பல் விழுந்த வாயைக் காட்டுது. ஆனா பாப்பா மங்கல். பின்னாடி நீங்க ஷூவுக்குப் பாலிஷ் போடறீங்க. உங்க புருவத்துல முடியை எண்ணலாம்.

— அவளுக்கு ஃபோகஸ் சரியா வராது. மேனுவலைப் படின்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். நான் எதையும் படிச்சுட்டுதான் தொடுவேன். அவ படிக்க மாட்டா.

— பொறுங்க. எடுக்கும்போது எங்க குறி வச்சாங்கன்னு இது ஒரு சின்னக் கட்டம் போட்டுக் காட்டும். இதோ. கட்டம் உங்க மேல இருக்கு. அடுத்தது, பாப்பா ஊஞ்சல்ல. கட்டம் உங்க மேல. இதுல பாப்பா உங்க தோள்ல தூங்குது. கட்டம் உங்க காதுல.

— தப்பா அழுத்தியிருப்பா.

— எண்ணிக்கிட்டே வர்றேன் தம்பி. முப்பத்தொண்ணு. முப்பத்தோரு தடவை ஒருத்தங்க தப்பா அழுத்த மாட்டாங்க.

— ம்.

— தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம். அடுத்தது போங்க.

— அடுத்தது ஆஸ்பத்திரி வராந்தா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுல உங்க பை. அதுக்கப்புறம் அந்தக் கறுப்பு.

— அதேதான். சின்ன ஆபரேஷன்னு சொன்னாங்க. தலையில ஒரு பச்சைத் தொப்பி மாட்டிவிட்டாங்க. அவளுக்கு அதைப் பாத்துச் சிரிப்பு. இதோட என்னை ஒரு படம் எடுங்க, பாப்பாவுக்குக் காட்டணும்னு காமெராவை என் கையில குடுத்தா. நான் அதை அதுவரைக்கும் தொட்டதே இல்லை. திரையில ஒண்ணுமே வரலை. இருக்கற பட்டனை எல்லாம் அழுத்தினேன்.

— எடுக்க முடியலை.

— முடியலை. நான் குனிஞ்சு பட்டனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ பக்கத்துல நின்ன சிஸ்டர்கிட்ட என்னவோ சொன்னா. மெதுவா. சிஸ்டர் சிரிச்சாங்க. நான் நிமிந்து என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னு தலையை ஆட்டினா. படுக்கையைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. கதவு மூடிருச்சு. அப்புறம் அவ பேசலை.

— அந்த சிஸ்டர்கிட்ட கேக்கலையா?

— பத்து நாள் கழிச்சுப் போனேன். வேலையை விட்டு எங்கயோ போயிட்டாங்கன்னு சொன்னாங்க.

— சிரிச்சாங்கன்னா நல்லதாத்தானே இருக்கும்?

— வலிக்குதுன்னு சொன்னாலும் சிஸ்டருங்க சிரிச்சுத்தான் தட்டிக்குடுப்பாங்க. பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். என்கிட்ட சொல்ல முடியாம அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம். நான் பட்டனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— வீட்டுல இதை யாருக்கும் சொல்லலையா?

— வேற ஒண்ணைச் சொல்லியிருக்கேன். கடைசியா என்ன சொன்னான்னு அவ அம்மா கேட்டாங்க. எல்லாரும் நின்னாங்க. பாப்பாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னான்னு சொல்லிட்டேன். அவங்க அதைச் சொல்லிச் சொல்லி அழறாங்க. இப்ப பாப்பாவும் சொல்ல ஆரம்பிச்சுட்டா. அம்மா என்னைப் பாத்துக்கச் சொன்னாங்கல்லன்னு. அது நானாக் கட்டின கதை.

— கட்டினாலும் அதுல தப்பு இல்லை தம்பி.

— தப்பு இல்லை. ஆனா அது அவ சொன்னது இல்லை. அழிச்சுடுங்க. புதுசைக் காட்டுங்க.

— காட்டறேன். பொறுங்க. அது ஏன் கறுப்பா விழுந்ததுன்னு எனக்கு ஒரு காரணம் தோணுது. சொன்னா கோவிச்சுக்குவீங்க.

— சொல்லுங்க.

— அது இருக்கட்டும், அதைவிட இது முக்கியம். நீங்க இந்தக் கடைசியைத் தொறந்து பாத்தீங்களா?

— சின்னதாத் தெரிஞ்சுது. கறுப்பு. அதுல என்ன பாக்க இருக்கு?

— இந்த ஓரத்துல இருக்கற குறி தெரியுதா?

— முக்கோணம் மாதிரி.

— படத்துக்கு அந்தக் குறி வராது. பட்டனை எல்லாம் அழுத்தினேன்னு சொன்னீங்களே. இந்தச் சிவப்புப் பட்டனையும் அழுத்தியிருக்கீங்க. தம்பி, இது படம் இல்லை. வீடியோ. ஐம்பத்திரண்டு விநாடி ஓடியிருக்கு.

— கறுப்பா ஓடி என்ன பிரயோஜனம்?

— கறுப்பு படத்துக்குத்தான். மைக்குக்கு வெளிச்சம் எதுக்கு?

— அக்கா.

— இருக்கேன்.

— அழிச்சுடலையே?

— விரலை எடுத்துட்டேன். இந்தாங்க, கையிலயே வச்சுக்குங்க. வீட்டுக்குக் கொண்டு போய் தனியாக் கேக்கறீங்களா? மாத்தறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

— வீட்டுல பாப்பா இருக்கும். பயமா இருக்குன்னு அவ சொல்லியிருந்தா அது பாப்பா காதுல விழக் கூடாது. நாளைக்குன்னு தள்ளினா நான் கேக்கவே மாட்டேன். இங்கயே போடுங்க.

— ரெண்டு பேர் மெதுவாப் பேசியிருக்காங்க. விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம். அதைச் சொல்லிடறேன்.

— போடுங்க. நீங்க அழுத்துங்க. நான் அழுத்தினா வேற ஏதாவது ஆயிடும்.

— லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போடறவர் பேசற பேச்சா இது. சரி. கடைக் கதவைச் சாத்திட்டு வர்றேன், ரோட்டு இரைச்சல் வேண்டாம். ம். சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கேன். போடறேன்.

— “இரு, இரு. ஒண்ணும் வரலையே. விளக்கு எரியுது. ஆன்லதான் இருக்கு. இரு.”

— அது நான்.

— தெரியுது. கேளுங்க.

— “சார், டாக்டர் வந்துட்டார். உள்ள கொண்டு போகணும்.”

— அதுதான் சிஸ்டர்.

— “ஒரே நிமிஷம் சிஸ்டர். இதோட மேனுவல் வீட்டுல இருக்கு. அதுல இது பதினோராம் பக்கத்துலயே போட்டிருப்பான்.”

— இங்கதான் அக்கா. இப்பதான்.

— “சிஸ்டர், கொஞ்சம் குனிங்களேன். மூடியைக் கழட்டவே இல்லை பாருங்க. சொல்லிடாதீங்க. இவர் எதுக்குமே இப்படி முழிச்சதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”