மைக்செட்டுக்காரர் அவர்களே

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. பெரியவர் சொன்னதைக் கேட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பிவிட்டேன்.

"மைக்செட்டுக்காரனைக்கூட விடல மச்சான். அவனையும் அவர்களேன்னுட்டேன்."

"எங்க மாமா?"

"நேத்து கிராம சபையில. நம்ம தெரு சாக்கடைய பத்தி பேசத்தான் எழுந்தேன். மைக்க கையில குடுத்தாங்களா, வாய் தானா ஆரம்பிச்சிடுச்சு. தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே..."

"சாக்கடைய சொன்னீங்களா இல்லியா?"

"பந்தல் போட்டவர் அவர்களேன்னு சொல்றப்பவே, டைம் ஆயிடுச்சுன்னு மைக்க வாங்கிட்டாங்க. ஆனா கைதட்டல் ஜாஸ்தி மச்சான். தலைவரே எழுந்து சால்வை போட்டாரு."

"அக்கா என்ன சொல்லிச்சு?"

"வாசல்ல தேங்கி நிக்கிற சாக்கடைய தாண்டி, சால்வையோட உள்ள போறேன். 'ஊர்ல எல்லாரையும் கூப்டீங்களே, இதையும் சாக்கடை அவர்களேன்னு ஒரு தடவ கூப்டிருக்கலாமே'ன்றா."

மச்சான் சிரித்துச் சிரித்து இருமிவிட்டான்.

"அடுத்த சபையில என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரே வரிதான். சாக்கடை அடைச்சிருக்கு, எடுத்து விடுங்க. அவ்ளோதான்."

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. பிறகு பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மொட்டையா அத மட்டும் சொன்னா நல்லா இருக்குமா மச்சான்?"