தம்பியின் நடைக்கு ஒரு பாட்டு

உடற்பயிற்சியின்போது பாட்டுக் கேட்க ஒரு சின்னக் கருவி வாங்குவதானால், திரை இல்லாததாகப் பார்த்து வாங்குவது நல்லது. வியர்த்த விரலுக்குத் திரை கட்டுப்படாது. தடவிப் பார்த்தே அழுத்தும்படி பித்தான்கள் வேண்டும். சட்டையைக் கவ்விக்கொள்ளும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். நான் பல கடைகள் ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர், "இதுல போன் பேச முடியாது, படம் பார்க்க முடியாது, ஒண்ணுமே கிடையாதேம்மா" என்று எனக்காக வருத்தப்பட்டார். அதைத்தான் தேடுகிறேன் என்றேன்.

நீங்கள் மேசையில் வைத்திருப்பது அதுதான். தம்பிக்காக வாங்கியது.

மாரடைப்பில் பிழைத்து, என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். தினமும் நடக்க வேண்டும், வேகம் கூடக் கூடாது என்றார் மருத்துவர். நாடித்துடிப்பைக் காட்டும் கடிகாரம் அவனுக்குச் சரிப்படவில்லை. எண்ணைப் பார்த்த பயத்திலேயே துடிப்பு ஏறிவிடும். அதனால் மருத்துவரே வேறு வழி சொன்னார். மெதுவான பாட்டைக் கேட்டபடி, தாளத்துக்கு ஓரடியாக மொட்டைமாடியைச் சுற்றி வர வேண்டும். பாட்டுகளை நான் தேர்ந்தெடுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"எனக்குக் கல்யாணம்தான் பண்ணி வைக்கல, பாட்டாவது பண்ணி வைக்கிறியே" என்பான்.

அவன் வருவதற்கு முன் நான் தனியாக இருந்தேன். பேச்சுச் சத்தத்துக்காகவே தொலைக்காட்சியை ஓடவிடுவேன். அவன் வந்த பிறகு, வேலை முடிந்து கதவைத் திறந்தால் "சாப்பிட்டியாக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று நீங்கள் நினைக்கலாம்.

பிறகு அவனுடைய பழைய நிறுவனம் கூப்பிட்டது. வேலை வேறு ஊரில். மருத்துவப் பரிசோதனையில் தேறினால் சேர்ந்துவிடலாம். அன்றே சட்டைகளை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். விளம்பர நேரத்துக்குள் அடங்காத பேச்சைக் குரல் மாறாமல் வேகப்படுத்திச் சுருக்குவது என் அன்றாட வேலை. பாட்டையும் அப்படிச் செய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால், மனப்பாடமான பாட்டில்கூட வித்தியாசம் தெரியாது. கால் மட்டும் அதற்கேற்ப எட்டி வைக்கும்.

சில வாரங்களில் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "அதே பாட்டு, அதே நடைதான்க்கா. ஆனா மூச்சு வாங்குது. நான் தேறவே மாட்டேனா?"

"எல்லாம் சரியாயிடும். தாளத்தை மட்டும் விட்டுடாத" என்றேன்.

மருத்துவரிடம் போகலாம் என்றான். அவருக்கு நேரமில்லையாம் என்று சொல்லிவிட்டேன்.

பரிசோதனையில் தேறவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது, அது பொய்யில்லை. பாட்டுகளைப் பழைய வேகத்துக்கே மாற்றினேன். அவன் முகத்தில் களை வந்தது. சேர்ந்து சாப்பிட்டோம், சீட்டாடினோம், அவன் கள்ளாட்டம் ஆடினான். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்றால் அவைதான்.

அதோடு விட்டிருக்கலாம். அவன்தான் விடவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, மறுபடி விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னான். "இந்தத் தடவை பாஸ் பண்ணிடுவேன்க்கா. உனக்கும் பாரம் குறையும்."

பாரம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த முறை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவில்லை, ஒரேயடியாகக் கூட்டினேன். அந்த வேகத்துக்கு நானே ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்து பார்த்தேன். நெஞ்சில் கோளாறில்லாத எனக்கே பாதியில் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். "டாக்டரே வேகத்தைக் கூட்டச் சொல்லிட்டார், தாளத்தை விட்டுடாத" என்றேன்.

மறுநாள் காலை அவன் மேலே நடந்தான். நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூரை வழியாகக் காலடிச் சத்தம் கேட்டது, தாளம் பிசகாமல். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பிறகு ஏதோ விழுந்தது. சத்தம் நின்றது.

உடனே மேலே போனாயா என்று கேட்கிறீர்கள். போகவில்லை. மீதித் துணியையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போனேன். ஓடியிருந்தால் பிழைத்திருப்பான் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். இருக்கலாம். பிழைத்திருந்தால் மறுபடி விண்ணப்பித்திருப்பான்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே இதையும் சேர்த்துவிடுங்கள்: கடைசிவரை தம்பியைப் பத்திரமாக என்னோடுதான் வைத்திருந்தேன்.