அவர் என்ன நினைத்து நகர்த்தினார்?

ஆட்டக் கடிகாரத்தை மேசைமீது நிறுத்தி, பதினைந்தே நிமிடம் என்று புன்னகையோடு எச்சரித்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! களம் தொடங்கிய நாள்முதல் அதைக் கண்ணெனக் காத்துவரும் மூத்த உறுப்பினர்களே! வார ஓய்வை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! இத்தனை ஆண்டு எழுத்தில் மட்டுமே மோதிவிட்டு, இன்றுதான் முகம் பார்த்து, "அட, நீங்கதானா அது!" என்று கைகுலுக்கிக்கொண்டிருக்கும் என் எதிராளிகளே, இளவல்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நம் இணையச் சதுரங்க உரையாடல் களத்தைச் செம்மைப்படுத்தும் வழிகள் குறித்துக் காலையிலிருந்து பேசினோம். எழுத்துகளைப் பெரிதாக்கச் சொன்னார் ஒருவர். பலகையின் பச்சை நிறம் கண்ணைக் குத்துகிறது என்றார் இன்னொருவர். நல்ல யோசனைகள்; நானும் கை தட்டினேன். ஆனால் நான் கொண்டுவந்திருப்பது யோசனை அன்று. ஒப்புதல் வாக்குமூலம்.

பின்வரிசை நண்பர் "யாரைக் கொன்னீங்க?" என்கிறார். கொல்லவில்லை ஐயா. பூட்டினேன்.

நான்காண்டுகளாக நான் இக்களத்தின் நெறியாளன். யாரேனும் ஓர் ஆட்டநிலையை இட்டு ஐயம் கேட்டால், நம்மவர் ஒருவர் அதை உடனே கணினிக்கு ஊட்டுவார். யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று கணினி ஓர் எண்ணை உமிழும்; கழித்தல் என்றால் ஆடியவருக்குப் பின்னடைவு. அந்த எண் வந்ததும் நான், "விடை கிடைத்தது" என்று எழுதி அந்தக் கேள்வியின் உரையாடல் இழையைப் பூட்டுவேன். அதன்பின் அங்கே எவரும் எழுத முடியாது. கேள்வி பிறந்து பூட்டு விழச் சராசரியாக நான்கு நிமிடம்! அதைச் சொல்லி மார்தட்டினோம். ஆண்டறிக்கையில் அச்சிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளையில், புதிய உறுப்பினர் ஒருவரின் கேள்வி வந்தது. ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரம் இயக்கும் சகோதரி அவர். களத்தில் அவர் சூடிக்கொண்ட பெயர் ஊசிமுனை. அவர் கணவர் பாரந்தூக்கி இயக்கியவர். எட்டு மாடி உயரக் கூண்டில் அமர்ந்து, இரும்புத் தூண்களை இம்மியும் பிசகாமல் இறக்கியவர். அந்த வியாழனுக்கு ஏழு மாதங்களுக்கு முன் மூளையில் குருதி உறைந்து அவருடைய வலப்பக்கம் சாய்ந்தது. வாய்ப்பேச்சு அடங்கிற்று. எஞ்சியிருந்தவை இடக்கையும், மனைவியோடு மாலைதோறும் ஆடும் ஓர் ஆட்டமும்.

அந்தச் சகோதரி எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்:

"நேத்து என் வீட்டுக்காரர் இந்தச் சிப்பாயை முன்னாடி தள்ளினாரு. எனக்குச் சும்மா தூக்கிக் குடுத்த மாதிரி இருக்கு. யோசிச்சுத்தான் தள்ளினாரா, கை தவறிப் போச்சா? நான் இன்னும் பதில் ஆட்டம் ஆடலை. சனிக்கிழமைக்குள்ள தெரியணும், தயவுபண்ணிச் சொல்லுங்க."

மூன்றாம் நிமிடம் பதில் வந்தது: "பிழையான நகர்வு. கழித்தல் நான்கு புள்ளி ஏழு." நான்காம் நிமிடம் நான் எழுதினேன்: "விடை கிடைத்தது." பூட்டிவிட்டேன்.

என்ன விடை கிடைத்தது? எவருக்குக் கிடைத்தது? நல்ல நகர்வா கெட்ட நகர்வா என்றா அவர் கேட்டார்? நினைத்து ஆடினாரா என்றல்லவா கேட்டார்! ஏன் சனிக்கிழமை என்று நம்முள் ஒருவரேனும் வினவினோமா?

சகோதரி பின்னாளில் சொல்லித்தான் தெரிந்தது: சனிக்கிழமை அவர் மூத்தார் வரவிருந்தார். கணவரின் அண்ணன், கெட்டவர் அல்லர், களைத்தவர். "அவனுக்கு ஒண்ணும் புரியலைம்மா. நீயும் வேலைக்குப் போயிடறே. காப்பகத்துல சேர்த்துடலாம்" என்று நாள் குறித்திருந்தார்.

"புரியுது மாமா. என்கூட ஆடறாரே!"

"காயைத் தள்ளிவிட்டா ஆட்டமாம்மா? குழந்தைகூடத்தான் தள்ளும்."

இதுதான் அந்த வீட்டில் நின்ற வழக்கு. அவ்வழக்கில் நாம் அளித்த சாட்சியம், கழித்தல் நான்கு புள்ளி ஏழு!

பூட்டிய இழையை அன்று மாலை ஒருவர் படித்தார். பேருந்து ஓட்டுநர், களத்தில் கடைசி இருக்கை என்று பெயர். சகோதரிக்குத் தனிமடல் அனுப்ப முயன்றார். முடியவில்லை. பத்துப் பதிவு இடாதவருக்குத் தனிமடல் செல்லாது. அந்த விதியை வகுத்த மேதையும் அடியேன்தான். சிரியுங்கள், சிரிக்கத்தான் வேண்டும்.

அவர் விடவில்லை. ஆட்டக் கடிகாரத்துக்கு எந்த மின்கலம் நல்லது என்ற இழைக்குள் நுழைந்து எழுதினார்: "ஊசிமுனை அக்கா, ஒரே கேள்வி. நீங்க எப்பவும் குதிரையாலதான் வெட்டுவீங்களா?"

தலைப்புக்குத் தொடர்பற்றது என்று நீக்கினேன். மீண்டும் எழுதினார். மீண்டும் நீக்கி, எச்சரிக்கையும் விடுத்தேன். வெள்ளிக்கிழமை நண்பகல் மூன்றாம் முறை எழுதினார்; இம்முறை எனக்கும் ஒரு வரி இருந்தது: "நெறியாளர் ஐயா, எறங்குற எடம் எதுன்னு ஒருத்தர் கேட்டா, பதில் சொல்றதுக்குள்ள நான் கதவைச் சாத்துறதில்ல. பத்து நிமிஷம் விட்டு வைங்க."

விட்டுவைத்தேன். இரக்கத்தால் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. உண்மை என்னவெனில், தேநீர் அருந்தப் போயிருந்தேன். அந்தத் தேநீர் நேரத்தில்தான், ஆலையின் இடைவேளையில், சகோதரி தம் பெயரைக் கண்டு அதைப் படித்தார்.

அவர் அதிர்ந்து போனார். ஆம், பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் குதிரைக்கு எட்டிய சிப்பாயை அவர் ஒருமுறையும் விட்டதில்லை! மனத்துக்குள் காயை நகர்த்திப் பார்த்தார். குதிரை சிப்பாயை வெட்டினால், அது காத்துநின்ற கடைசி வரிசை திறந்துவிடும். கணவரின் கோட்டை நேரே இறங்கும். அரசன் வீழ்வான்.

கணினிக்கு அது ஏன் பிழை? கணினி அந்தச் சிப்பாயை வெட்டாது. வேறு நகர்வால் வென்றுவிடும். எதிரே யார் அமர்ந்திருக்கிறார் என்பது கணினிக்குத் தெரியாது. அந்தக் கணவருக்குத் தெரியும். அவர் பலகையை மட்டுமா பார்த்தார்? பத்தொன்பது ஆண்டு தம்மோடு வாழ்ந்தவளின் பழக்கத்தைப் பார்த்து வலை விரித்தார்!

சனிக்கிழமை வந்தது. துணிப்பை கட்டிக் கதவோரம் வைத்தாயிற்று. மூத்தார் நாற்காலி நுனியில் அமர்ந்திருந்தார். சகோதரி பலகையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். விரித்த வலை என்று தெரிந்தே குதிரையால் சிப்பாயை வெட்டினார். அடுத்த நொடி கணவரின் இடக்கை எழுந்தது. தடுமாறவில்லை, தயங்கவில்லை. இரும்புத் தூணை இறக்கிய அதே நிதானத்தோடு கோட்டையைக் கடைசி வரிசையில் இறக்கிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். ஏழு மாதத்தில் முதற்சிரிப்பு.

அண்ணன் எழுந்தே விட்டார். "டேய்! என்னையும் இப்படித்தானேடா ஏமாத்துவே! நீ இன்னும் திருந்தலையா?" என்றார். தரையில் அமர்ந்து, காய்களைத் தாமே மறுபடி அடுக்கினார்.

துணிப்பை அன்றே அவிழ்க்கப்பட்டது. சகோதரி வேலைக்குப் போகும் நாள்களில் இப்போது அண்ணன்தான் துணை. தோற்றுக்கொண்டே இருக்கிறார் என்று கேள்வி.

அன்பர்களே! அந்த ஓட்டுநர் நம்மில் வலிமை மிக்க ஆட்டக்காரர் அல்லர். அவரை நான் பலமுறை வீழ்த்தியிருக்கிறேன். ஆனால் விடை சொல்லுமுன் வினா கேட்டவர் அவர் ஒருவரே!

ஆகவே என் தீர்மானம் இது. கேள்வி வந்த முதல் நாள் முழுதும் கணினியின் எண் வாசலில் காத்திருக்கட்டும், மனிதர் பேசட்டும். விடை கிடைத்தது என்று சொல்லும் உரிமை கேட்டவருக்கே உரியதாகட்டும். அவர் சொல்லாமல் எந்த நெறியாளனும் பூட்டக் கூடாது, நான் உட்பட. புதியவருக்கும் தனிமடல் செல்லட்டும்.

"அப்ப எண்ணே வேண்டாமா?" என்கிறார் நடுவரிசை அன்பர். வேண்டும் ஐயா! அளவுகோல் வேண்டாமென்று எந்தத் தையற்காரர் சொல்வார்? ஆளைப் பார்க்காமல் அளவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். "வேகம் போயிடுமே" என்கிறீர்கள். போகட்டும். நான்கு நிமிடத்தில் நான் தந்த விடை எங்கே கொண்டுவிட இருந்தது என்று இப்போதுதானே கேட்டீர்கள்!

தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார், முடிக்கிறேன். இத்தீர்மானத்தை ஏற்போர் கை உயர்த்துமாறு தலைவர் கேட்பார்...

இதோ! அவர் இன்னும் கேட்கவே இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு கை எழுந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் அம்மையார், "இன்னும் கேக்கலைங்க, எறக்குங்க" என்கிறார். அவர் இறக்க மறுக்கிறார்.

திரும்பிப் பாருங்கள். அது இடக்கை.

தலைவர் அவர்களே, முதல் வாக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் புரியாதவர் என்று சொல்லப்பட்டவருடைய வாக்கு அது. பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. மூன்று முறை நீக்கப்பட்டாலும் நான்காம் முறையும் எழுதியிருக்கக்கூடிய அந்த ஓட்டுநருக்குத் தலை தாழ்ந்த நன்றி. வணங்கி அமர்கிறேன், இனி உங்கள் கைகள் பேசட்டும்!