எதிர்மனுதாரர்

— எதிர்மனுதாரர்னு போட்டிருக்கு, என் பேருக்குப் பக்கத்துல. பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்துனதுக்கு இதுதான் பட்டமா?

— அது கோர்ட்டு வார்த்தைங்க. விவாகரத்து கேட்டு மனு போட்டது நான், அதனால அந்தப் பக்கம் நீங்க. இதைக் கேக்கவா நோட்டீஸைக் கையோட தூக்கிட்டு ஆபீசுக்கு வந்தீங்க? நான் என் மேசையைக் காலி பண்ண வந்தேன். சண்டைக்கு வரல.

— அதாவது, நீ என்னை எதிரின்னு சொல்லல.

— நம்ம அகராதிக்கு ‘எதிர்’ங்கற சொல்லை எழுதுனதே நீங்கதானே. சொல்லுங்க, முதல் பொருள் என்ன?

— முன்பக்கம். கண்ணுக்கு நேரா இருக்கறது.

— அப்புறம்?

— வரப்போற காலம். அதாவது, நம்மளப் பார்த்து வந்துட்டிருக்கறது. எதிர்காலம்னு சொல்றோமே. அப்புறம் நிகர், ஈடு. எதிரில்லாதவன்னா இணையில்லாதவன். பகைங்கறது கடைசி.

— திருத்தும்போது அதைக் கடைசிக்குத் தள்ளுனது நான். நீங்க பகையைத்தான் முதல்ல போட்டிருந்தீங்க.

— வேர் கிடைக்காம தவிச்சிட்டிருந்தேன், வரிசையை யார் பார்த்தா? அந்த ஒரு சொல்லோட மூணு மாசம் மல்லுக்கட்டினேன்.

— கடைசியில என்ன எழுதுனீங்க?

— வேர் தெரியலைன்னு ஒரு கேள்விக்குறி.

— அந்தக் கேள்விக்குறிக்காக நான் ஆஸ்பத்திரியில தனியாக் கிடந்தேன். சரி, விடுங்க. அந்த டிராயரை இழுங்க, என் மூக்குக்கண்ணாடி உள்ள இருக்கு.

— விட முடியாது. அதாவது, காரணம் அதுதானா? மனுவுல ஒத்துப்போகலைன்னு பொத்தாம்பொதுவா எழுதியிருக்கு.

— பிள்ளை எப்படிப் போச்சுன்னு ஜட்ஜுக்கு எதுக்கு? ஆறு மாசம் சுமந்துட்டு வெறுங்கையோட வெளிய வந்தேன். அண்ணன்தான் கையைப் பிடிச்சுக் கார்ல ஏத்தினார். எதிர்கொள்ளுதல்னா முன்னால போய் வரவேற்கறதுன்னு எழுதியிருந்தீங்க. நல்ல விளக்கம். அதுல ஒரு எழுத்துக்கூட நான் திருத்தல.

— குத்திக்காட்டாத.

— குத்திக்காட்டல. படிச்சதைச் சொன்னேன்.

— நான் வந்தேன்.

— எங்க?

— ஆஸ்பத்திரிக்கு. அன்னைக்கு அச்சுப்படி திருத்திட்டிருந்தேன்னு சொன்னது பொய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை வாசல்ல நின்னேன். நீ படி இறங்குறதைப் பார்த்தேன். பக்கத்துல வந்து என்ன சொல்றதுன்னு தெரியல. சொல்லை வச்சுப் பிழைக்கிறவன் நான், எனக்கு ஒரு சொல் வரல. கார் போறவரைக்கும் நின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

— இத்தனை நாள் ஏன் சொல்லல?

— வெக்கமா இருந்துச்சு. இப்பச் சொல்லிட்டேன்ல, மனுவை வாபஸ் வாங்கு. நான் வராதவன் இல்ல.

— பச்சைச் சட்டை. கையில மடக்காத குடை.

— உங்கண்ணன் சொன்னாரா?

— அண்ணன் பார்க்கல, நான் பார்த்தேன். ரெண்டு தடவை சிக்னல் விழுந்துச்சு, ரோடு காலியாத்தான் கிடந்துச்சு. நீங்க வராமலே இருந்திருந்தா, வேலை மும்முரத்துல மறந்துட்டீங்கன்னு மன்னிச்சிருப்பேன்.