சேறு அடித்தது எந்தச் சக்கரம்

"என் மூஞ்சில சேறு அடிச்சது முன் சக்கரமா, பின் சக்கரமா? அத மட்டும் சொல்லுயா."

மானாம்பதியில் பேருந்தில் ஏறிய பெண் புருஷனைக் கேட்டாள். இருவர் மேலும் தலைமுடிவரை சேறு. யாரும் உட்கார இடம் தரவில்லை. வேலை தேடி உத்திரமேரூர் போய்க்கொண்டிருந்த நானும் பக்கத்தில் நின்றேன். கான்கிரீட் கலக்கும் மிஷினை இழுத்துப் போக விலைக்கு வந்த ஒரு பழைய ஜீப்பைக் கழனியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அது வாணாம் மே. நாலு சக்கரமும் இழுக்கும்னான் விக்கிறவன். பின்னாடி ரெண்டுதான் சுத்துது. மழைல மிஷினோட மாட்டிக்கினா, தளம் போடுற வேலையெல்லாம் வேற செட்டு ஆளுங்களுக்குப் பூடும்."

"நீ எங்க நின்னே?"

"பின்னால தள்ளிக்கினு இருந்தேன். பாரு, எம்மேல எவ்ளோ சேறு."

"நான்?"

"டிரைவர் கதவாண்ட."

"பின் சக்கரம் முன்னால துப்புமாயா?"

அவன் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான்.

"அப்போ முன் சக்கரமும் சுத்திச்சா?"

"நாலும் சுத்திச்சு. நீதான் வாணாம்னு சொல்லிட்டு வந்துக்கீற. சாயங்காலம் வேற ஆளு பாக்க வரானாம்."

பேருந்தே சிரித்தது. யாரும் கேட்காமலே கண்டக்டர் வண்டியை நிறுத்த விசில் அடித்தார். இருவரும் இறங்கினார்கள். அவன் சாலையில் நின்று, திரும்பிப் போகப் பேருந்து வருகிறதா என்று பார்த்தான்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"ஓடுயா. நம்மாண்டயும் நாலு காலு கீது."